சத்தம் போடும் முழங்கால்

உட்கார்ந்து எழுந்திருக்கும்போது முழங்காலில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதா? படி ஏறும்போது மணல் அரைபடுவது போல 'நறநற' என்கிறதா? உள்ளங்கையை முழங்கால் மேல் வையுங்கள். காலை மடக்கி நீட்டுங்கள். கைக்கு ஏதாவது தெரிகிறதா?

தெரிந்தால் பயப்பட வேண்டாம். வயதானவர்களுக்கு மட்டும் வரும் சத்தம் அல்ல இது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் உண்டு. பந்து விளையாடும் வாலிபருக்கும் உண்டு. ஆனால் நாற்பது வயதுக்கு மேல் இந்தச் சத்தம் கேட்டால் நம் மனது சும்மா இருப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் சும்மா இருப்பதில்லை.

"மூட்டுல எண்ணெய் வத்திப் போச்சு" என்பார் ஒருவர்.

"எலும்பும் எலும்பும் உரசுது. இனிமே நடக்காதே" என்பார் இன்னொருவர்.

கட்டை வண்டியின் அச்சுக்கு மை போடாவிட்டால் 'கிரீச்' என்று கத்தும். ஓட ஓட அச்சு தேயும். அதைப் பார்த்துப் பழகியதால் முழங்காலையும் வண்டி அச்சு மாதிரி நினைத்துக்கொள்கிறோம். ஆனால் முழங்கால் இரும்பு அல்ல, மரமும் அல்ல. அது உயிர் உள்ள உறுப்பு. அதன் வேலையே வேறு மாதிரி.

முழங்காலுக்குள் என்ன இருக்கிறது?

முழங்காலில் மூன்று எலும்புகள் சேர்கின்றன. மேலே தொடை எலும்பு. கீழே கணுக்கால் வரை போகும் கால் எலும்பு. முன்னால் வட்டமாக ஒரு சின்ன எலும்பு. அதைச் சில்லு என்கிறோம். தரையில் உட்கார்ந்து காலை நீட்டித் தளர்வாக விடுங்கள். சில்லை இரண்டு விரல்களால் பிடித்து மெதுவாக அசையுங்கள். பக்கவாட்டில் நகரும். காலை மடக்கி நீட்டும்போது இந்தச் சில்லு, தொடை எலும்பில் உள்ள ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கிப் போகிறது.

ஆட்டு எலும்பு வாங்கிக் குழம்பு வைக்கும்போது கவனித்திருப்பீர்கள். எலும்பின் முனையில் வெள்ளையாக, வழவழப்பாக ஒரு பூச்சு இருக்கும். அதுதான் குருத்தெலும்பு. நம் முழங்காலிலும் எலும்பின் முனைகளில் அதே பூச்சு இருக்கிறது. தொடை எலும்புக்கும் கால் எலும்புக்கும் நடுவில் பிறை நிலா வடிவத்தில் இரண்டு மெத்தைகளும் உண்டு. இவற்றை எல்லாம் சுற்றி ஒரு பை. பைக்குள் கொஞ்சம் நீர். பச்சை முட்டையின் வெள்ளைக் கருவைப் போல அது வழுக்கும். நல்ல முழங்காலில் இந்த நீர் ஒரு தேக்கரண்டி அளவுகூட இருக்காது. அவ்வளவு போதும்.

ஒரு முக்கியமான செய்தி. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் இல்லை. அப்படியானால் அதற்குச் சாப்பாடு எப்படிப் போகிறது? பாத்திரம் துலக்கும் பஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அமுக்கினால் தண்ணீர் வெளியே வரும். விட்டால் உறிஞ்சும். நாம் நடக்கும்போது குருத்தெலும்பு அமுங்குகிறது. காலைத் தூக்கும்போது விரிகிறது. அப்போது அந்த நீரிலிருந்து தனக்கு வேண்டிய சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நடை இல்லாவிட்டால் அதற்குச் சாப்பாடு இல்லை. வண்டி அச்சு ஓடினால் தேயும். முழங்காலோ, அளவாக ஓடினால்தான் பிழைக்கும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

கோலி சோடா உடைக்கும்போது என்ன ஆகிறது? அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த வாயு குமிழி குமிழியாக வருகிறது. மூட்டு நீரிலும் வாயு கரைந்திருக்கிறது. மூட்டு சட்டென்று விரியும்போது உள்ளே ஒரு வாயுக் குழி உண்டாகிறது. 'டக்' என்று சத்தம் வருகிறது. விரலில் நெட்டி முறிப்பதும் இதேதான். 2015-ஆம் ஆண்டு கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நெட்டி முறியும் அதே நேரத்தில் விரலை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சத்தம் வந்த கணத்தில் மூட்டுக்குள் அந்தக் குழி தோன்றியது படத்தில் தெரிந்தது. ஒரு முறை முறித்த விரலில் உடனே மறுபடி சத்தம் வராது. வாயு மறுபடி கரைய சுமார் 20 நிமிடம் ஆகும். இப்போதே முறித்துப் பாருங்கள், தெரியும்.

குழந்தைக்குத் திருஷ்டி கழிக்கும்போது பாட்டி தன் நெற்றிப் பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறிக்கிறாள். படபடவென்று சத்தம் வந்தால், "எவ்வளவு திருஷ்டி பாரு" என்று சந்தோஷப்படுகிறாள். விரலில் வந்தால் சந்தோஷம், முழங்காலில் வந்தால் பயம். வேடிக்கைதான்.

அமெரிக்காவில் டொனால்டு அங்கர் என்று ஒரு டாக்டர் இருந்தார். "நெட்டி முறித்தால் மூட்டு வாதம் வரும்" என்று அவரைச் சிறு வயதில் அம்மா திட்டினார். அது உண்மையா என்று பார்க்க, ஒரு கை விரல்களில் மட்டும் தினமும் இரண்டு முறையாவது நெட்டி முறித்தார். மற்றக் கையை விட்டுவிட்டார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. சுமார் 60 ஆண்டுகள்! கடைசியில் இரண்டு கைகளையும் ஒப்பிட்டார். எந்தக் கையிலும் மூட்டு வாதம் இல்லை. 2009-ல் அவருக்கு ஒரு வேடிக்கைப் பரிசுகூடக் கொடுத்தார்கள். ஒரே ஒரு ஆளை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்துவிட முடியாதுதான். ஆனாலும் அந்தப் பொறுமையைப் பாராட்ட வேண்டும்.

வேறு காரணங்களும் உண்டு. தசையை எலும்போடு கட்டும் தசைநார், எலும்பின் மேட்டைத் தாண்டும்போது சுண்டிவிட்ட கயிறு போலச் சத்தம் போடும். 'நறநற' சத்தம் பெரும்பாலும் சில்லுக்குப் பின்னால் இருந்து வருகிறது. அங்கே குருத்தெலும்பு கொஞ்சம் சொரசொரப்பாக ஆகியிருக்கலாம்.

வலி இல்லை, வீக்கம் இல்லை, சத்தம் மட்டும் இருக்கிறது என்றால் அது நோய் அல்ல. அதற்கு மருந்தும் வேண்டாம். 'நறநற' சத்தம் அடிக்கடி கேட்கும் சிலருக்குப் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வருவது உண்டு. அதற்காகப் பயந்து உட்காரக் கூடாது. காலைப் பலப்படுத்த வேண்டும்.

பெரியக்காவுக்கு நடந்தது

கேரளாவில் மூணாறு மலையில் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. அங்கே கொழுந்து கிள்ளும் குடும்பங்களில் பல, தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து போனவை. அப்படிப்பட்ட ஒரு லயத்தில் ஒரு அம்மா. வயது 46. எல்லோரும் அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெரியக்காவின் வலது முழங்காலில் சத்தம் வந்தது. வலி இல்லை. "இப்படித்தான் எங்க சித்திக்கும் வந்துச்சு. ஆறே மாசத்துல கால் மடங்கல" என்றார் அடுத்த வீட்டுக்காரர்.

பெரியக்காவுக்குத் தூக்கம் போயிற்று. சரிவில் ஏற முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் லயத்து வீடும் இல்லை. மகளுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. அவருக்கு வந்தது வெறும் முழங்கால் கவலை அல்ல.

காலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். வேலை நேரம் தவிர நடப்பதை விட்டார். தண்ணீர் எடுக்க மகளை அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கட்டிலிலேயே இருந்தார். வேலையிலும் வலது காலை ஊன்றாமல் இடது காலில்தான் பாரத்தைப் போட்டார். சில மாதம் போனது. இப்போது உண்மையாகவே வலி வந்தது. அதிலும் மூட்டையோடு சரிவில் இறங்கும்போது தாங்க முடியவில்லை.

கடைத்தெருவுக்குப் போனார். மருந்துக் கடையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். போட்டதும் வலி மறைந்தது. தினமும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நான்கு மாதம் ஓடியது. வயிறு எரிந்தது. பாதம் வீங்கியது. ஒரு நாள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"பெரியக்கா, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார் நர்ஸ்.

"பேரு தெரியாது சிஸ்டர். சின்னதா, சிவப்பா இருக்கும்."

"எத்தனை நாளா?"

"மாரியம்மன் திருவிழா அப்ப ஆரம்பிச்சது."

"டாக்டர் எழுதிக் கொடுத்தாரா?"

"கடையில குடுத்தாங்க. போட்டா வலி தெரியல சிஸ்டர்."

"வலிதான் தெரியல பெரியக்கா. உள்ளே நடக்கிறதும் தெரியாமப் போச்சே."

ரத்த அழுத்தம் அளந்தார்கள். அதிகமாக இருந்தது. டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார். சிறுநீரும் ரத்தமும் சோதித்தார். சிறுநீரகம் கெட்டுப் போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

பிறகு டாக்டர் ஒரு தையல் டேப்பை எடுத்தார். இரண்டு தொடைகளையும் சுற்றி அளந்தார். வலது தொடை மெலிந்திருந்தது. "உங்க மூட்டுல பெரிய கோளாறு இல்லம்மா. தொடைச் சதைக்கு வேலை இல்லாமப் போச்சு. அது மெலிஞ்சு போச்சு. அது தாங்க வேண்டிய பாரத்தை எல்லாம் இப்ப மூட்டு ஒண்டியாத் தாங்குது" என்றார்.

பெரியக்கா மூன்று மாதம் பயிற்சி செய்தார். வலி பெரும்பாலும் குறைந்தது. சத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது அதை அவர் கண்டுகொள்வதில்லை.

வலி மாத்திரையைப் பற்றி

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் நல்ல மருந்துகள்தான். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிட்டால் உதவும். நாமாக மாதக் கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும். ரத்த அழுத்தம் ஏறும். சிறுநீரகம் கெடும். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

நம் நாட்டில் பிணம் தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்துப் போனது ஏன் தெரியுமா? வலிக்காக மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுத்தார்கள். செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் கெட்டது. 2006-ஆம் ஆண்டு கால்நடைகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்க அரசு தடை விதித்தது. மனிதருக்குத் தடை இல்லை. மனித உடம்பு கழுகு உடம்பு அல்ல. இருந்தாலும் இது மிட்டாய் போல வாங்கித் தின்னும் பொருள் இல்லை என்பது இதிலிருந்து புரியும்.

சந்தையில் பெயர் இல்லாத பொடி, லேகியம் விற்பார்கள். "மூணே நாள்ல மூட்டு வலி போகும்" என்பார்கள். சில பொடிகளில் ஸ்டீராய்டு என்ற மருந்தைக் கலந்துவிடுகிறார்கள். அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் வலி போகிறது. மாதக் கணக்கில் தின்றால் முகம் வீங்கும், எலும்பு பலம் இழக்கும், சர்க்கரை ஏறும். தைலம் தேய்ப்பது வேறு விஷயம். இளஞ்சூடாகத் தேய்த்தால் சதைக்கு இதமாக இருக்கும். தேய்க்கலாம். ஆனால் அந்த எண்ணெய் தோலைத் தாண்டி மூட்டுக்குள் போய் நிரம்பாது.

தொடைக்குப் பலம்

இதற்குச் செலவு இல்லை. ஒரு துண்டு போதும். கட்டிலிலோ பாயிலோ காலை நீட்டி உட்காருங்கள். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். முழங்காலால் துண்டைக் கீழே அமுக்குங்கள். தொடைச் சதை இறுகும். தொட்டுப் பார்த்தால் தெரியும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு விடுங்கள். இப்படிப் பத்து முறை. மூச்சை அடக்க வேண்டாம்.

அடுத்து, மல்லாந்து படுங்கள். ஒரு காலை மடக்கி வையுங்கள். மற்றக் காலை முழங்கால் மடங்காமல் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம் தூக்குங்கள். ஐந்து எண்ணி மெதுவாக இறக்குங்கள். இதுவும் பத்து முறை. பிறகு கால் மாற்றுங்கள்.

சில நாள் பழகிய பிறகு நாற்காலி அல்லது உயரமான திண்ணையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நின்று மெதுவாக உட்காருங்கள். முதலில் ஐந்து முறை. பிறகு பத்து. 'தொப்' என்று விழுந்து உட்கார்ந்தால் பயன் இல்லை. மெதுவாக உட்காரும்போதுதான் தொடைக்கு வேலை.

முதல் வாரம் சதை கொஞ்சம் வலிக்கும். அது பரவாயில்லை. மூட்டு வலி மறுநாளும் கூடுதலாக இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். பலரும் இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். அதுதான் வருத்தம்.

ஏறுவதும் இறங்குவதும்

மும்பை தாராவியில் பல வீடுகளில் கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. நடுவில் செங்குத்தான இரும்பு ஏணி. தேயிலைத் தோட்டத்தில் சரிவு. ஊருக்கு ஊர் ஏதோ ஒரு மேடு பள்ளம் இருக்கத்தான் செய்யும். ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கும் முழங்காலுக்குக் கஷ்டம். உடம்பு கீழே விழாமல் தொடைச் சதை பிரேக் போட வேண்டியிருக்கிறது அல்லவா?

ஒரு முழங்காலில் வலி இருந்தால், ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வையுங்கள். உடம்பைத் தூக்கும் வேலையும் இறக்கும் வேலையும் நல்ல காலுக்கே போகும். கைத்தடி வைத்துக்கொள்வதாக இருந்தால் எந்தக் கையில்? வலது முழங்கால் வலித்தால் இடது கையில். பலர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள். அது தவறு.

தரையில் சம்மணம் போடுவதும் குத்தவைத்து உட்காருவதும் நல்ல முழங்காலுக்குக் கெடுதல் இல்லை. வலி உள்ளவர்கள் மட்டும் அதிக நேரம் அப்படி இருக்க வேண்டாம். துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க, ஒரு முக்காலி போட்டுக்கொள்ளலாம். கழிப்பறைச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி பொருத்தலாம். வீட்டில் இருக்கும் ஆண்கள் இந்தச் சின்ன வேலையைச் செய்து கொடுத்தால் அம்மாவின் முழங்கால் வாழ்த்தும்.

உடல் எடை அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு. எடையில் 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய 4 கிலோ பாரம் குறைகிறது. 5 கிலோ குறைந்தால் எவ்வளவு? நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

சத்தத்தோடு வலியும் வீக்கமும் இருந்தால் போக வேண்டும். கால் பாதியில் மாட்டிக்கொண்டு நீட்ட முடியாவிட்டால் போக வேண்டும். நடக்கும்போது முழங்கால் திடீரென்று மடிந்து விழப் பார்த்தால் போக வேண்டும். கீழே விழுந்து 'டப்' என்று சத்தம் வந்து, சில மணி நேரத்தில் வீங்கினால் அன்றே போக வேண்டும். முழங்கால் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. உள்ளே சீழ் பிடித்திருக்கலாம்.

காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பாக இருக்கிறதா? அரை மணி நேரத்துக்குள் சரியானால் அது பெரும்பாலும் சாதாரணத் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கை விரல் மூட்டுகளும் வீங்கினால் அது வேறு வகை வாதம். அதற்குத் தனி மருந்து உண்டு. சீக்கிரம் தொடங்கினால் விரல்கள் கோணாமல் காப்பாற்றலாம்.

மிகவும் தேய்ந்த மூட்டுக்குச் செயற்கை மூட்டு வைக்கிறார்கள். எல்லா முயற்சியும் பலிக்காதபோதுதான் அது. 2017 ஆகஸ்டு மாதம் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை விதித்தது. ஆஸ்பத்திரியில் மூட்டின் விலையைத் தனியாகப் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அரசு காப்பீட்டு அட்டை இருந்தால் சேரும் முன்பே காட்டுங்கள்.

செய்து பாருங்கள், பேசுங்கள்

1. தையல் டேப் எடுங்கள். சில்லுக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் இரண்டு தொடைகளையும் சுற்றி அளந்து எழுதுங்கள். இரண்டு எண்களும் ஒன்றா?

2. வீட்டில் உள்ள மாத்திரை அட்டையைப் பாருங்கள். சிவப்புக் கோடு இருக்கிறதா? இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. காலாவதி ஆகும் மாதத்தையும் ஆண்டையும் படித்துச் சொல்லுங்கள்.

3. மருந்துக் கடைக்காரரிடம் மாத்திரையின் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். அந்தச் சீட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொண்டு போங்கள்.

4. "சத்தம் வந்தால் நடக்காதே" என்று உங்கள் தெருவில் யாராவது சொல்கிறார்களா? அவருக்கு இந்தப் பாடத்தில் எந்தப் பகுதியைப் படித்துக் காட்டுவீர்கள்?